விறகில் தூங்கிய ராணிகள்

"பிரி, திரைச்சீலையில ஒரு பூச்சி," என்றான் ஆல்பி.

பிரியோனி எட்டிப் பார்த்தாள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். குளவியேதான்.

போன கோடையில் ஒரே ஒரு குளவி கொட்டி, ஆல்பிக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறிவிட்டது. மலையிறங்கி ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். இன்று எப்படிப் போவது? உலகின் இந்தத் தெற்குக் கோடியில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; பனி கொட்டியதால் மலைப்பாதையை மூடிவிட்டார்களே!

தம்பியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவிடுக்கில் துண்டைச் செருகினாள்.

"அப்பா, குளவி!"

அப்பா டெஸ் செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஜூலை மாசக் குளிர்ல ஏது குளவி? எல்லாம் எப்பவோ செத்திருக்குமே."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று ஜன்னலில் ஊர்ந்தது. மூன்றாவது குளவி விளக்கைச் சுற்றிப் பறந்தது.

அப்பா கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்கப்பா. குறி தப்பினா அது எங்க போய் ஒளியும்னே தெரியாது."

எங்கிருந்து வருகின்றன இவை? பிரியோனி சுற்றிலும் பார்த்தாள். கணப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது. ஈரம் காயட்டும் என்று நேற்று அப்பாதான் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து அடுக்கினார். அதில் ஒரு கட்டையின் பட்டைக்கு அடியிலிருந்து நான்காவது குளவி மெல்லத் தலையை நீட்டியது.

"ராணிக் குளவிங்க மட்டும் சாகாதுப்பா. குளிர் முடியற வரைக்கும் பட்டைக்குள்ள தூங்கும். நம்ம கணப்புச் சூடு எழுப்பிவிட்டுடுச்சு."

"எழுப்பியாச்சு. இப்ப என்ன, தாலாட்டு பாடணுமா?"

"ஆமா. கணப்பை அணைச்சிட்டு, கதவு ஜன்னலெல்லாம் திறங்க."

"வெளியே ரெண்டு டிகிரிடி!"

"அதான் வேணும்."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். குளிர் வீட்டுக்குள் பாய்ந்தது. இருவரும் விறகையெல்லாம் கொட்டகைக்குத் திருப்பிச் சுமந்தார்கள். பிரியோனிக்குப் பல் கிட்டியது. ஆனாலும் குளவிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் விளக்கைச் சுற்றிய குளவி பொத்தென்று விழுந்தது. மற்றவையும் கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. அப்பா இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஜாடியில் போட்டு மூடினார். மூலை முடுக்கெல்லாம் இரண்டு முறை தேடிய பிறகுதான் பிரியோனி குளியலறைக் கதவைத் திறந்தாள்.

ஆல்பி நடுங்கிக்கொண்டே வெளியே வந்தான்.

"ஐயோ, என்ன இப்படிக் குளிருது? கணப்பை யாரு அணைச்சது?"

"நான்தான்," என்று அவனை இழுத்துத் தன் கோட்டுக்குள் பொத்திக்கொண்டாள் பிரியோனி.