மலை மாமா கலக்கிய ரத்தம்

நாடக அரங்கின் ஒப்பனை அறையில் மூடுபனி இறங்கியிருந்தது. பவுடர்தான். ஆனாலும் கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகளின் வெளிச்சத்தில் அது மெல்ல மிதந்தபோது, மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் சுண்டுவுக்கு இருந்தது. தும்மல் வரும்வரை.

சுண்டுவின் சித்தி ஒப்பனைக் கலைஞர். யார் எதிரில் வந்தாலும் ஓர் அழகுக் குறிப்பு சொல்லிவிடுவார். மின்விசிறியைச் சரிசெய்ய வந்தவர்கூட, “படுக்கறதுக்கு முன்னாடி முகம் கழுவிடுங்க அண்ணே” என்ற குறிப்போடுதான் திரும்பிப் போனார். விசிறி ஓடவில்லை.

இதுவரை மணப்பெண்களை அழகாக்கிய சித்தி, இன்று முதல்முறையாக ஒருவரை அடிபட்டவராக்க வேண்டும்.

“இன்னிக்குச் சொதப்பினா அவ்வளவுதான்டி. அடுத்த நாடகத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க” என்றார்.

அடிபட வேண்டியவர் மலை மாமா. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கொள்ளையர் தலைவன் வேடம். கடைசிக் காட்சியில் நெற்றியில் வழியும் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து, “ஐயோ, ரத்தம்!” என்று சொல்லிச் சாய வேண்டும்.

சித்தி, வீட்டில் செய்து கொண்டுவந்த ரத்தப் புட்டியைத் திறந்தார்.

மலை மாமா வசனம் பேசாமலேயே சாய்ந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தார். “சிவப்பா ஒழுகுறதைப் பார்த்தா எனக்கு ஆகாதும்மா. ஒத்திகையில வெறும் தண்ணிதானே வெச்சாங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?” என்றார் சித்தி.

“கொள்ளையர் தலைவன் போய் இதை எப்படிம்மா வெளிய சொல்றது?”

“இது வெறும் சாயம் மாமா. நிஜமில்ல.”

“எனக்குத் தெரியும்மா. என் முழங்காலுக்குத்தான் தெரியல.”

வெளியே இயக்குநர் கத்தினார். “இருபது நிமிஷம்!”

சித்தி அவசரமாக இரண்டு வெள்ளரிக்காய்த் துண்டுகளை மாமாவின் கண்களில் வைத்தார். “கண்ணுக்குக் குளிர்ச்சி. பதற்றமும் போயிடும்.”

“இதோட மேடைக்குப் போனா எப்படி சித்தி ரத்தத்தைப் பார்ப்பாரு?” என்றாள் சுண்டு.

நேற்று அந்த ரத்தத்தைக் கலக்கியவள் சுண்டுதான். அவளுக்குத் துளியும் பயமில்லை. கரண்டியைக்கூட நக்கியிருந்தாள். அதை நினைத்தவள், சித்தி கொண்டுவந்திருந்த மிச்சச் சாமான்களை எடுத்து, ஒரு கிண்ணத்தை மாமாவின் மடியில் வைத்தாள்.

“மாமா, ஒரு உதவி. புட்டியில இருக்கறது ரொம்பத் தண்ணியா இருக்கு, நெத்தியில நிக்காது. புதுசா கலக்கித் தர்றீங்களா? எனக்குக் கை வலிக்குது.”

மாமா வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் வெறும் சர்க்கரைப் பாகு. கலக்கினார். கோக்கோ பொடி போட்டாள். கலக்கினார். சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். மாமா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சொட்டு அவசரமே இல்லாமல் விரிந்தது. சுருண்டது. அந்திவானம் முழுதும் ஒரு கிண்ணத்துக்குள் படுக்க இடம் தேடுவதுபோல் இருந்தது. மாமாவின் மூடிய கண்ணும் தானாகத் திறந்தது.

அடுத்த சொட்டை அவரே விட்டார். அதற்கடுத்த மூன்றையும்.

“நிறம் பளிச்சுன்னு இருக்கே, இன்னும் கொஞ்சம் கோக்கோ போடலாமா?” என்றவர், விரலால் தொட்டு நக்கினார். “இனிப்பு சரியா இருக்கு.”

“மாமா! அது நெத்திக்கு!” என்றார் சித்தி.

கடைசிக் காட்சி. மேடையில் நீல வெளிச்சம். கொள்ளையர் தலைவன் நெற்றியைத் தொட்டான். விரலைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் சித்தி சுண்டுவின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ஐயோ… ரத்தம்” என்றார் மாமா, முதல்முறையாக நிலாவைப் பார்ப்பவர்போல. அப்புறம் மெதுவாகச் சாய்ந்தார்.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் வரிசையில் ஒரு குட்டிப் பெண் மட்டும் விசும்பத் தொடங்கினாள்.

இறந்துபோன தலைவன் ஒரு கண்ணைத் திறந்தான். “அழாதடா கண்ணு, சர்க்கரைப் பாகு” என்று கிசுகிசுத்துவிட்டு மறுபடியும் இறந்துபோனான்.

குட்டிப் பெண் சிரித்தாள். சிரிப்பு கடைசி வரிசைவரை போய், கைதட்டலாகத் திரும்பி வந்தது.

இயக்குநர் வியர்வையைத் துடைத்தபடி சித்தியிடம் வந்தார். “அடுத்த நாடகத்துல நாலு பேருக்குக் காயம். வர்றீங்களாம்மா?”

சித்தி சுண்டுவைப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் திரும்பினார்.

“ரெண்டு பேரும் வர்றோம் சார். நாலு கிண்ணம் மட்டும் எடுத்து வெச்சிடுங்க.”