நிறமில்லாத சரிவு

புதுக்கரையில் காலையில் கதவைத் திறக்குமுன் எல்லோரும் மணிக்கட்டுப் பட்டையில் சரிவுகளின் நிறத்தைப் பார்ப்பார்கள். பச்சை என்றால் வெளியே போகலாம். சிவப்பு என்றால் மேலே பனி சரியப் பார்க்கிறது, வீட்டைவிட்டு அசையக் கூடாது. நிறமே காட்டாத இடத்தில் ஒருவரும் கால் வைப்பதில்லை. கடல் ஊரை விழுங்கியபின் இமயத்தில் குடியேறிய தூத்துக்குடிக்காரர்களுக்குப் பனியைப் பற்றி வேறென்ன தெரியும், பாவம்!

நிறம் சொல்பவை பனிச்செவிகள். கேழ்வரகு அளவே உள்ள கருவிகள். பருவத்தின் முதல் பனியில் ஆளில்லாப் பறப்பிகள் அவற்றைத் தூவிவிடும். மேலே பனி சேரச் சேர, உள்ளே விரிசல் விடும் ஓசையைச் செவிகள் கேட்டுப் பட்டைக்குச் சொல்லும்.

இந்த வருஷம் முழங்காலளவு பனி விழுமுன்பே ஊருக்கு மேலுள்ள சரிவு சிவந்துவிட்டது. ஏன்? செவியை உருவாக்கிய ஜெசிந்தாவுக்கே புரியவில்லை. சரிவின் ஓரத்தில் குழி தோண்டி, பனியைத் தூணாக வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். இரண்டாவது தட்டிலேயே மேற்பாதி வழுக்கி விழுந்தது. அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகள்.

உதவியாளன் அமலதாஸ் குனிந்து பார்த்தான். "எக்கா, செவி கிடக்குற இடத்துலதான் இப்படி உதிருது."

ஜெசிந்தாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. கேட்கும்போது செவி லேசாகச் சூடாகும். மெல்லிய பனியின் பிடிப்பு விட அந்தச் சூடே போதும்.

செவி தூவாத எதிர்ச்சரிவில் தோள் வலிக்கத் தட்டியும் தூண் அசையவில்லை. ஊருக்கு ஓடினாள்.

"எல்லாரும் எதிர்ச்சரிவுக்கு அடியில போயிருங்க. அங்கதான் பத்திரம்!"

ஊர்த்தலைவி செல்வமேரி மணிக்கட்டைக் காட்டினாள். "அங்க நிறமே இல்லியே மக்கா?"

"செவி இல்லாததாலதான் அங்க பனி உறுதியா இருக்கு!"

"சிவப்புல அசையக் கூடாதுன்னு நீதான சொன்ன? பிள்ளகுட்டியோட எப்படிப் போறது? அங்கயும் தூவு. பச்ச வரட்டும், போறோம்."

"தூவுனா அதுவும் கெட்டுருமே எக்கா" என்றான் அமலதாஸ்.

"இன்னைக்கே கெடாதுல்ல? இன்னைக்கு உசிரு தப்பட்டும்" என்றாள் ஜெசிந்தா.

தூவினாள். பச்சை வந்தது. ஊரே மூட்டைமுடிச்சோடு கிளம்பிப்போனது. மறுநாள் பழைய சரிவு இடிந்து இறங்கி, காலி வீடுகளை மூடியது.

ஜெசிந்தா உட்கார்ந்து அழுதேவிட்டாள். எல்லோரையும் கூட்டி, செவிதான் காரணம் என்று பொறுமையாக விளக்கினாள். செல்வமேரி முழுவதும் கேட்டாள். பிறகு தன் மணிக்கட்டை முத்தமிட்டாள்.

"என்னமும் சொல்லு. இந்தப் பச்சதான் எங்களக் காப்பாத்திச்சி. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேத்துத் தூவு, மக்கா."