பதினேழாம் எண்

ஒரு தட்டு அதிகமாக இருந்தது.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மற்ற தட்டுகள் அடுக்கில் கிடக்க, அது மட்டும் தனியாக இருந்தது. வாஃபிள் அப்பத்தில் பாதி போயிருந்தது. பழுப்பு ஆட்டுப்பாலாடைக் கட்டியும் புளித்த பாலேடும் மிச்சமில்லை. சிவப்பு ஜாமை மட்டும் கரண்டியால் ஒதுக்கி, தட்டின் ஓரத்தில் சின்னக் குவியலாகச் சேர்த்து வைத்திருந்தது ஒரு கை.

குன்வோருக்கு அந்தக் குவியலைத் தெரியும்.

"இருபத்தஞ்சு பேர்னுதானே சொன்ன?" என்றாள் ஒட்னி, ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே. "இருபத்தாறு தட்டு வந்திருக்கு. எண்ணத் தெரியாதவள வழிகாட்டியாப் போட்டா இப்படித்தான்."

கப்பல் வரும் நாட்களில் மட்டும் ஒட்னி இந்த மலைக்குடிலைத் திறப்பாள். காலையில் விருந்தாளிகளோடு பேருந்தில் ஏறி வருவாள், பூட்டிவிட்டு அவர்களோடே இறங்கிவிடுவாள். அதன் பிறகு இங்கே ஆடுகள்கூட இருக்காது. பன்னிரண்டு வருடங்களாக குன்வோர்தான் கூட்டத்தை அழைத்து வருகிறாள். தானே ஊற்றிவிட்டதைப் போன்ற பெருமையோடு அருவியைக் காட்டுவாள், கீழே மலைகளுக்கு நடுவே நுழைந்த ஃபியோர்டுக் கடல்நீரில் நிற்கும் வெள்ளைக் கப்பலைக் காட்டுவாள், உப்பிட்டு உலர்த்திய ஆட்டுத்தொடையைச் சீவிக் கொடுப்பாள். இங்கே வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் வாய் நிறைய மென்றுகொண்டே சொல்வார்கள். நவம்பரில் வந்து இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனிவரை வரும். சிரித்தபடி விழுங்கிக்கொள்வாள். ஊரே அப்படி விழுங்கித்தான் பிழைக்கிறது.

போன ஆகஸ்டில் ஒரு நாள் மூடுபனி. கப்பல்துறையில் இறங்கும்போது ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் எண் ஸ்டிக்கர் ஒட்டப்படும். திரும்பி வந்ததும் அதை உரித்து வழிகாட்டியின் பலகையில் ஒட்டிவிட்டுக் கப்பலுக்குப் போவார்கள். பலகையில் கட்டங்கள் நிரம்பினால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அன்று பதினேழாம் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கப்பல் இரண்டு முறை ஊதிவிட்டது. குன்வோர் பேருந்துக்குள் ஏறிப் பார்த்தாள். தரையில், செருப்புத் தடத்தோடு, பதினேழு கிடந்தது. உரிந்து விழுந்திருக்கும், ஆள் இறங்கியிருப்பார் என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள் என்பதுதான் சரி. தன் கையாலேயே எடுத்து ஒட்டினாள். பலகை நிரம்பியது.

பதினேழு, வில்லமைனா என்ற டச்சுக்காரக் கிழவி. துணைக்கு யாருமில்லாமல் தனியாக வந்தவர். சாம்பல் நிற மழையங்கி. ஜாம் பிடிக்காது.

சாயங்காலம் ஆளைக் காணோம் என்று கப்பலிலிருந்து கேட்டு வந்தபோது, அவர் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாக குன்வோர் சொல்லிவிட்டாள். அதனால் கீழே தேடினார்கள். துறையில், படகுக் கொட்டகைகளில், தண்ணீருக்கடியில்கூட ஆள் இறக்கி, இரண்டு நாள். மூன்றாம் நாள் இதே குடிலின் ஆட்டுக் கொட்டகைச் சுவரோரமாக அவர் உயிரில்லாமல் உட்கார்ந்திருந்ததை ஒரு மேய்ப்பன் பார்த்தான். திரும்ப மேலே நடந்துபோயிருக்கிறார் பாவம் என்று முடித்துவிட்டார்கள். எழுபத்தெட்டு வயதில் பதினோரு கிலோமீட்டர் மலையேறினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பல் வருவது நின்றுவிடக் கூடாதே.

இந்த வருடம் குன்வோர் பதினேழாம் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. பதினாறுக்கு அடுத்து பதினெட்டு.

ஒட்னி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா? அந்த அம்மா கீழ இறங்குனத நீ நிஜமாவே பார்த்தியா?"

வெண்ணெய் கருகும் வாசனைக்கு அடியில் ஈரக் கம்பளியின் வாடை வந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், ஊரில் முகம் காட்ட முடியாது. ஆனால் இந்தத் தட்டு இனி வராமல் போய்விடும் என்று அவளுக்கு ஏனோ உறுதியாகத் தோன்றியது. ஒட்னியின் முகத்தில் கோபம் இல்லை, கேட்டுக்கொள்ளும் பொறுமைதான் இருந்தது. வாய் திறந்தது.

"பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன்."

ஒட்னி ஜாமை வழித்துக் குப்பையில் தள்ளினாள்.

நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். குன்வோர் பேருந்தின் முன் இருக்கையில் பையையும், கைப்பேசியையும், தன் குழுவின் நான்காம் எண் எழுதிய கைப்பலகையையும் வைத்துவிட்டு, கம்பி வேலிவரை ஒரு நடை போய்வரப் புறப்பட்டாள். போன வருடத்துக்குப் பிறகு வந்த பழக்கம். கடைசி ஆளாக அவள்தான் வேலியையும் கொட்டகையையும் பார்த்துவிட்டு ஏறுவாள். இப்போது இன்னொரு விதியும் வந்திருக்கிறது, ஓட்டுநர் எய்லர்ட்டும் தலைகளை எண்ண வேண்டும்.

மூடுபனி மலையிலிருந்து இறங்கவில்லை, ஃபியோர்டிலிருந்து ஏறி வந்தது. முதலில் கப்பல் போயிற்று, பிறகு அருவி போயிற்று, அதன் இரைச்சல் மட்டும் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் இருந்தது. புல் நனைந்து அவள் காலணிக்கடியில் நசநசத்தது. தூரத்தில் விருந்தாளிகள் சிரிப்பதும் பேருந்துப் படியில் கால் தட்டி மண் உதிர்ப்பதும் கேட்டன.

வேலியருகே யாரோ நின்றிருந்தார்கள்.

சாம்பல் நிற மழையங்கி. இன்றைய கூட்டத்தில் சாம்பல் நிறம் போட்டவர் இருந்தாரா? இருந்திருக்கலாம். "கிளம்பணும்ங்க, வாங்க," என்றாள். குரல் பனியில் இரண்டடிகூடப் போகவில்லை. உருவம் நகர்ந்தது, கொட்டகைப் பக்கமாக, அவசரமே இல்லாமல். அவளும் பின்னால் போனாள். சுவரோரம் ஒருவருமில்லை. புல் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அழுந்தியிருந்தது. குனிந்து தொட்டாள்.

சூடாக இருந்தது.

பின்னால் பேருந்தின் எஞ்சின் உறுமியது. எய்லர்ட் எண்ணும் குரல் கேட்டது, பக்கத்தில் நின்று எண்ணுவது போல அவ்வளவு தெளிவாக.

"விருந்தாளிங்க இருபத்தஞ்சு. ஒட்னி ஒண்ணு. நீ ஒண்ணு, குன்வோர். இருபத்தேழு. சரியா இருக்கு."

ஓடினாள். அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கதவு பெருமூச்சு விட்டு மூடியது. சரளைக் கல் நொறுங்கியது. பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் திரும்பின. பாதையின் வளைவில் பேருந்து அவளை உரசுகிற மாதிரி கடந்தது. கண்ணாடியைக் கையால் அடித்தாள். உள்ளே ஒட்னி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். யாரோ தொலைந்த அருவியைப் படமெடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

முன் இருக்கையில் இருந்தவர் மட்டும் திரும்பினார்.

ஈரம் சொட்டும் சாம்பல் அங்கி. மடியில் குன்வோரின் பை. கையில் நான்காம் எண் பலகை. மூடியிருந்த முக்காட்டுக்குள்ளிருந்து, அவள் பன்னிரண்டு வருடம் சிரித்த அதே சிரிப்பு.

விளக்குகள் போயின. ஓசையும் போனது.

இன்று சாயங்காலம் அவளைக் காணவில்லை என்று தெரியவரும். தேடுவார்கள். எய்லர்ட் தலையை எண்ணியவன். கண்ணால் பார்த்தேன் என்பான். கீழேதான் தேடுவார்கள். துறையில். படகுக் கொட்டகைகளில். தண்ணீருக்கடியில்.

பூட்டிய குடிலின் முன்னால், நீள மேசையில், ஒரே ஒரு தட்டு. வாஃபிளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்த ஜாமை ஒரு கரண்டி, தானாக, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுக்கியது.

குன்வோர் குளிருக்கு மார்பைக் கட்டிக்கொண்டாள். விரலில் ஏதோ ஒட்டியது.

குனிந்து பார்த்தாள். செருப்புத் தடத்தோடு, அவள் நெஞ்சில், பதினேழு.