வடு இல்லாத சாட்சி

வடுமானியின் முள் மூன்றில் நின்றது.

"நாற்பதுக்குக் கீழே வந்தால் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐயா. சட்டம் அப்படித்தான் சொல்கிறது," என்றார் ஆலை முதலாளியின் வக்கீல்.

கூண்டில் நின்றவள் பேச்சித்தாய். மின்கல ஆலையில் பற்றிய தீயில் பதினான்கு பெண்கள் செத்துப்போனார்கள். தப்பியவள் இவள் ஒருத்திதான். பின்கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது என்று சொல்ல வேறு ஆள் இல்லை. அவள் சொல் நிற்காவிட்டால் முதலாளி இன்றே விடுதலை. அடுத்த மாதம் அதே கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்கும்.

நாக்கு பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று நாடே நம்பிய காலம் அது. சாட்சியின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, நடந்ததைச் சொல்லச் சொல்வார்கள். மனதில் பட்ட அடி நாடியிலும் வியர்வையிலும் எழும்பி முள்ளைத் தள்ளும்.

பேச்சித்தாய்க்கு எதுவும் எழும்பவில்லை. அதற்குக் காரணமானவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்: மனநல ஆலோசகர் அருள்மேரி. தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடியவளை, கதவைக் கழற்றிவிட்ட அறையில் உட்காரவைத்து, அவள் சொன்னதை இரண்டு வருடம் கேட்டவள். அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் புகை வரைக்கும் போவார்கள், இன்னொரு நாள் கதவு வரைக்கும். மூச்சு முட்டினால் அதை விட்டுவிட்டு மாவடு ஊறுகாயைப் பற்றிப் பேசுவார்கள். போன மாதம்தான் பேச்சித்தாய் தன் வீட்டுக் கதவைத் தானே தாழிட்டுக்கொண்டு தூங்கினாள்.

"மறந்துட்டியாம்மா?" என்றார் நீதிபதி.

"மறக்கலைங்கய்யா. பதினாலு பேர் பேரையும் சொல்லுவேன். பதறாமச் சொல்றதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

வக்கீல் சிரித்தார். "பாடம் நல்லா ஏறியிருக்கு. சொல்லிக்கொடுத்தவங்களுக்கும் பட்டையைக் கட்டுங்க ஐயா. பொய் எங்க தயாராச்சுன்னு தெரிஞ்சுடும்."

கட்டினார்கள். தனக்குச் சொல்லப்பட்டதை அருள்மேரி சொல்லத் தொடங்கினாள். புகை. கதவு. "தொறங்கய்யா" என்று கத்திய பதினெட்டு வயதுக்காரி. முள் எண்பத்தாறைத் தொட்டது.

நீதிபதி நிமிர்ந்தார். "தீப்பிடிச்ச அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"திருச்சியில. ஒரு கல்யாணத்துல."

முள் இறங்கவில்லை.

"இவங்க அங்க இல்லவே இல்லையே ஐயா!" வக்கீல் பதறினார்.

"கட்டச் சொன்னது நீங்கதானே, வக்கீல் சார்? உடம்பு பொய் சொல்லாதுல்ல?" என்றார் நீதிபதி.

வடு இருக்கிறது, ஆகவே பூட்டு இருந்தது. முதலாளிக்குப் பத்து வருடம் என்று தீர்ப்பானது.

வெளியே அரசு வக்கீல் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஜெயிச்சுட்டோம் மேடம்! ஆனா அப்பீல் போவாங்க. அங்கயும் உங்களுக்குத்தான் பட்டை கட்டுவாங்க. நாலு வருசம் ஆகலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மனசுவிட்டுப் பேசி இதை ஆத்திக்காதீங்க."

அருள்மேரியின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன. பேச்சித்தாய் அதைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"வாங்கக்கா. எனக்கு இப்பக் கேக்கத் தெம்பு இருக்கு. முடிஞ்ச வரைக்கும் சொல்லுங்க."

படிகளுக்குக் கீழே இறந்தவர்களின் வீட்டார் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அருள்மேரியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அருள்மேரி உட்காரவில்லை.

"வேண்டாம் பேச்சி," என்றாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்."