எட்டு ஜோடிச் செருப்பு

குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டால் தட்டும். பெங்களூரின் குடிநீர்க் குழாய்களோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்தும் லைன் இன்ஸ்பெக்டர் தியோடருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று தட்டும், அப்புறம் வால்வு வழியாகப் புஸ்ஸென்று வெளியேறும், அத்தோடு முடிந்தது கதை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, அடுகோடி வட்டாரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எதிரே ரோட்டோரக் குழியில் இறங்கி, ஆள் குனிந்து போகிற நாலடி அகலக் குழாயின் முதுகில் இரும்புக் கம்பியை ஊன்றி அதன் மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபோது அவர் கேட்டது காற்றின் வேலையாக இல்லை. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. காற்று எங்கேயாவது எண்ணி எண்ணித் தட்டுமா? அவர் கம்பியின் முனையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

கசிவு தேடுகிறவர்களுக்கு அந்தக் கம்பிதான் கண். மேலே ஹோசூர் பஸ்கள் போகிற அதிர்வு, பட்டறையில் இரும்பு சீவும் கிறீச்சிடல், ஈர மண்ணும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை, இத்தனைக்கும் அடியில் குழாய்த் தண்ணீரின் ஒரே சீரான ஹூங்காரம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அதில் எங்கே இழை பிசகுகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இன்று அந்த ஹூங்காரத்துக்குள் இருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். குழாய்க்குள் இறங்கி வேலை செய்கிற ஆட்கள் கொத்துக்கரண்டியின் பிடியால் அப்படித் தட்டுவார்கள். திறங்க, வெளியே வருகிறேன் என்று அர்த்தம். வெளியில் இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால், கேட்டுவிட்டது, கொஞ்சம் இரு என்று அர்த்தம். பல வருஷமாக நடக்கிற பேச்சு அது.

போன வியாழக்கிழமை இந்தக் குழாயை மூடச் சொன்னது தியோடர்தான்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மார்ச் மாதம். குழாயில் ஒரு மூட்டு விட்டுப்போய், தண்ணீரை நிறுத்தி, உள்ளே இறங்கிப் பூச்சு வேலை செய்ய நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் பாதி ஊர் வறண்டு கிடந்தது. பிளாஸ்டிக் குடங்களை நடுரோட்டில் அடுக்கி மறியல் செய்தார்கள். மணிக்கு நாலு போன் வந்தது, நாலிலும் திட்டுத்தான். வேலைக்கு வந்த கூலி ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடிக்கிற தண்ணீர் போகிற குழாய்க்குள் யாரும் செருப்புக் காலோடு இறங்கமாட்டார்கள். குழாயின் வாயருகே செருப்புகளைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுப் போவார்கள். ஆள் எண்ணுவதைவிட அது சுலபம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத இந்தக் கணக்கை நம்பித்தான் எல்லா இன்ஸ்பெக்டர்களும் மூடி போட்டார்கள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குத் தியோடர் பார்த்தார். ஒரு செருப்பும் இல்லை. மூடச் சொன்னார். பதினாறு போல்ட்டை முடுக்கினார்கள். வயர்லெஸ்ஸில் வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

இப்போது அவர் குழியிலிருந்து ஏறி, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல், கூலி ஆட்களின் மேஸ்திரி ரங்கநாதனைத் தேடிப் போனார். ரங்கநாதன் தகரக் கொட்டகை நிழலில் உள்ளங்கையில் புகையிலை கசக்கிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை உள்ள எத்தனை பேர் எறங்கினாங்க?"

"ஒம்பது பேர் சார்."

"ஒம்பது ஜோடி செருப்பும் எடுத்தாச்சா?"

ரங்கநாதன் சிரித்தார். "எட்டுதான் சார். பெருமாள்சாமிக்கு அன்னிக்குக் காலையில வாரு அறுந்துபோச்சு. வெறுங்காலோட வந்தான். பசங்க எல்லாம் சேந்து அவனை ஓட்டிட்டு இருந்தாங்க."

தியோடர் கொட்டகை நிழலுக்குள் வந்தார். "அவன் இப்ப எங்க?"

"ஊருக்குப் போயிருப்பான். தருமபுரிப் பக்கம். சொல்லாம போவானுங்க, சொல்லாம வருவானுங்க, நமக்கென்ன புதுசா?"

"அவன் வெளிய வந்ததை நீங்க பாத்தீங்களா?"

கசக்கிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. "நீங்க பாத்துத்தானே சார் மூடச் சொன்னீங்க?"

ரங்கநாதன் எழுந்து நின்று, "சும்மா தலையைக் கெடுத்துக்காதீங்க சார், இன்னிக்கே ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கறேன்" என்றார். ஆனால் புகையிலையை வாயில் போட மறந்து கீழே கொட்டிவிட்டார்.

அன்று மத்தியானமே தியோடர் தன் மேலதிகாரி வெங்கடகிருஷ்ணனின் அறைக்குப் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். செருப்புக் கணக்கைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒன்பது பேர் இறங்கிய இடத்தில் தலையை எண்ணத் துப்பில்லாமல் போய்விட்டதே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சார், ஷட்டவுன் குடுங்க. ஒரே ஒரு நாள். தண்ணியை வடிச்சுட்டு நானே எறங்கிப் பாத்துடறேன்."

"தண்ணி விட்டு நாலு நாள் ஆச்சு தியோடர். ஊரெல்லாம் இப்பத்தான் குடம் நெறைஞ்சிருக்கு. மறுபடி நிறுத்தினா என்னைக் கொளுத்திடுவாங்க. ஆள் காணோம்னு யாராவது கம்ப்ளைண்ட் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"பின்ன? சரி, நீங்க சொல்றபடியே வெச்சுக்குவோம். நாலடிக் குழாய் நெறைய தண்ணி. நாலு நாள். அதுக்குள்ள ஒருத்தன் எப்படித் தட்டுவான்?"

"முடியாதுன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா தட்டறானே."

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "புதன்கிழமை லீவ் எடுத்துக்குங்க. நல்லாத் தூங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை தியோடர் மறுபடி குழியில் இறங்கினார். இறங்காமல் இருக்க முடியவில்லை. கம்பியை வைத்ததும் தட்டல் கிடைத்தது. முந்தின நாளைவிடப் பக்கத்தில். மூன்று. இடைவெளி. மூன்று. ஒவ்வொரு மூன்றாவது தட்டும் கொஞ்சம் இழுபட்டு விழுந்தது. கை ஓய்ந்துபோன ஆள் தட்டுவது அப்படித்தான் இருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழக்க தோஷம், அவருடைய கை ஸ்பேனரை எடுத்துக் குழாயின் முதுகில் ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

தட்டல் நின்றுவிட்டது.

வெறும் தண்ணீர். ஹூங்காரம். அவ்வளவுதான். ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று தியோடருக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டுவிட்டது, இரு என்று சொல்லிவிட்டார். உள்ளே இருப்பது எதுவானாலும் அது அவரை நம்பி, தட்டுவதை விட்டுவிட்டு, இருட்டில், அந்தத் தண்ணீரில் காத்துக்கொண்டிருக்கிறது. திறக்க அவரால் முடியாது. முடியாது என்று சொல்லவும் ஒரு தட்டு இல்லை. அப்படி ஒரு வார்த்தை அந்தப் பேச்சில் யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை. அவர் ஒரு மணி நேரம் குழியிலேயே நின்றார், அதற்குப் பிறகு அது மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை இடைவெளி இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீவனஹள்ளியில் அவர் வீட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. அவர் மனைவி லீனா முன்வாசலில் மீட்டர் அருகே குடத்தை வைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இந்தக் குழாய் ஏன் இப்படி ஒதறுது? கையில அடிக்கற மாதிரி இருக்கு."

அவர் வந்து பார்த்தார். அரை அங்குலக் குழாய் சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அடுகோடிக்கும் இந்த வாசலுக்கும் நடுவில் ஒரு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, ஏழெட்டு வால்வு இருக்கிறது. அங்கே தட்டுவது இங்கே வரவே வராது. எந்தப் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான். குழாய் நடுங்கியது. மூன்று மூன்றாக. நாலடிக் குழாயில் போனவன் அரை அங்குலக் குழாய்க்கு எப்படி வருவான் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையை அவர் முழுசாக யோசிக்கவில்லை.

லீனா ஒரு டம்ளரில் பிடித்து மடக் மடக்கென்று குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே தியோடர் பார்த்துக்கொண்டு நின்றார். குடிக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ராத்திரி அவர் சோடா வாங்கி வந்து குடித்தார்.

புதன்கிழமை மத்தியானம், லீனா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், கேட்டருகே யாரோ கூப்பிட்டார்கள்.

"சார். மேஸ்திரி அனுப்பினாருங்க. நீங்க தேடறீங்கன்னாரு."

பெருமாள்சாமி நின்றுகொண்டிருந்தான். உச்சி வெயிலில், காய்ந்த சட்டையோடு, நிழல் விழுகிற முழு மனிதனாக. தியோடர் கேட்டைத் திறந்து அவன் தோளைப் பிடித்தார். சூடான தோள். எலும்பும் சதையும். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவி, எங்கய்யா போயிட்ட? மூணு நாளா என் உசுரையே எடுத்துட்டியே நீ" என்று என்னென்னவோ உளறினார். ஒரு கொலைகாரன் இல்லை அவர். மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போனது. அவனை வாசல்படியில் உட்கார வைத்து, மிச்சமிருந்த சோடாவை ஊற்றிக் கொடுத்தார்.

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "எறங்கமாட்டேங்குது சார். ஆறு நாளா எதுவும் எறங்கல."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. ஊட்ல தான்..." அவன் தயங்கினான். "சம்சாரம் கிட்ட வரமாட்டேங்குது. நான் உள்ள போனா புள்ளையைத் தூக்கிட்டு வெளிய போயிடுது. என்னான்னு கேட்டா அழுவுது."

"வியாழக்கிழமை நீ எப்ப வெளிய வந்த?"

பெருமாள்சாமி யோசித்தான்.

"அதுதாங்க சார் நெனப்பு இல்ல. கடைசி மூட்டு பூசிட்டு இருந்தேன். வெளிச்சம் நின்னுபோச்சு. தட்டினேன். அப்புறம் பாத்தா ஹோசூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். நடுவுல என்னான்னு தெரியலீங்க."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. சுவரோரம் குழாய் நடுங்க ஆரம்பித்தது. இன்று தண்ணீர் முறை இல்லை.

மூன்று.

அவன் தலையைத் திருப்பினான். "அது என்னாங்க சார்?"

"காத்து" என்றார் தியோடர். "உள்ள காத்து மாட்டியிருக்கு."

மூன்று.

அவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோய், குழாயருகே குந்தி, காதை வைத்தான். வேண்டாம் என்று சொல்ல தியோடர் வாயெடுத்தார். அதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. பயம் இல்லை அது. தன் குரலைத் தானே கேட்கிற ஆளின் முகம். அவன் வலது கை மெல்ல மூடிக்கொண்டது. கரண்டிப் பிடியைப் பிடிக்கிற மாதிரி. தொடையில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் இழுபட்டு.

முதலில் கை விழுந்தது. குழாயின் தட்டல் பிறகுதான் வந்தது.

"பெருமாள்சாமி."

தியோடர் அவன் பக்கத்தில் போனார்.

"டேய், பெருமாள்சாமி."

அவன் சுவரில் சாய்ந்து சரிந்தான். முதுகு வளைந்தது. கழுத்து மடங்கியது. முழங்கால் மார்போடு ஒட்டியது. பாதங்கள் எதிரே இல்லாத ஒரு குழாயின் வளைவில் ஏறி ஊன்றிக்கொண்டன, மண்ணிலிருந்து ஒரு சாண் மேலே. அந்த வெயிலில் கண்ணை அகலத் திறந்துகொண்டு இருட்டில் துழாவுகிறவன்போலத் துழாவினான். அப்புறம் கையைத் தலைக்குமேல் தூக்கி, வெறும் காற்றில், ஓங்கித் தட்டினான்.

இரும்பு அதிர்ந்தது.

"சார்" என்றான். குரல் எங்கோ தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "சார், மூடிட்டீங்க. நான் உள்ளதான் இருக்கேன். வெளிய யாராச்சும் இருக்கீங்களா?"

தியோடர் அவன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று கத்தினார். தோள் சூடாகத்தான் இருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை. அவன் அவருடைய முகத்துக்கு நேராகக் கையை ஓங்கி, மறுபடி மூன்று தட்டுத் தட்டினான்.