பொட்டுக்கு நிற்பவர்கள்

கப்பலுக்கும் பொட்டு வைத்துவிட்டிருந்தாள் தாமரைச்செல்வி.

ஜெர்சி சிட்டி பேங்க்கில் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடாமலிருக்க நாள் முழுக்க ஒய்டுகே புரோகிராம்களைத் திருத்தி, ரயிலில் நின்றுகொண்டே வந்து, டேகேரிலிருந்து மகள் யாமினியை அள்ளிக்கொண்டு பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டுக்குள் நுழையும்போதே உடம்பு அடித்துப் போட்டது போலிருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமையாயிற்றே. விளக்கேற்றி, ஒவ்வொரு படத்தின் கண்ணாடியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். லட்சுமி, முருகன், போன வருஷம் தவறிப்போன மாமனார். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆணியில் தேயிலைக் கப்பல்.

அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு பறந்த பாய்மரக் கப்பலாம். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்ற யார்ட் சேலில் அந்த நீர்வண்ண ஓவியத்தை வாங்கிய அவள் கணவன் வேலுமணி, வாடகை வீட்டில் புது ஆணி அடிக்கக்கூடாதென்று சாமிகளுக்குப் பக்கத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு, டெக்சாஸ் புராஜெக்ட்டுக்குப் போய்விட்டான்.

"அம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு கண்ணு" என்று மகள் நெற்றியிலும் பொட்டு வைத்துவிட்டு, ஈரத் துணியால் கப்பலைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பொட்டு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. கப்பலின் மேல்தளத்தில், கடுகளவு மாலுமி ஒருவனின் நெற்றியில்.

வடிகட்டியைக் கழுவ மறந்தால் சிங்க்கில் வருமே, ஊறிப்போன தேயிலை வாசம், அது எங்கிருந்தோ வந்தது. வேலுமணிக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கப்பல் படத்துல பொட்டு உள்ளார போயிருச்சுங்க."

"ஹீட்டர் போட்டா கண்ணாடி வேர்க்கும் தாமரை. நீ டயர்டா இருக்கற. செத்த நேரம் படு."

நியாயமாகத்தான் பட்டது. பயப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. யாமினியைக் கார்ட்டூன் முன்னால் உட்காரவைத்து சோபாவில் சாய்ந்தாள். ஹீட்டரின் உறுமலும், டிவியின் சிரிப்பும், அவற்றுக்கடியில் எங்கோ மரம் முனகுவதும் கயிறு இழுபடுவதும் ஒன்றாய்க் குழைந்து அவளைத் தூங்க வைத்தன.

விழித்தபோது டிவி அணைந்திருந்தது. வீடெல்லாம் தேயிலை வாசம். காலடியில் கார்ப்பெட் ஈரம். விளக்கு மட்டும் எரிந்தது.

"யாமினி?"

"ஐ ஆம் ஹியர், அம்மா."

நாற்காலிமேல் நின்றிருந்தாள். இடது கையில் குங்குமச் சிமிழ். படத்தில் மாலுமிகள் பாய்களை விட்டுவிட்டுக் கப்பலின் விளிம்புக்கு வந்திருந்தார்கள். வரிசையாக. நெற்றியை நீட்டிக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டு, பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் குங்குமத்துக்கு நிற்பது போல. பொட்டு வாங்கியவர்கள் மட்டும் கண் திறந்திருந்தார்கள்.

"தே வாண்ட் பொட்டு, அம்மா."

"இறங்கு கண்ணு. இறங்கு."

"ஐ கான்ட்."

வலது கை முழங்கைவரை படத்துக்குள் இருந்தது. சட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. உள்ளே, சிறுத்துப்போன அந்த விரல்களை முதல் பொட்டு வாங்கியவன் பிடித்திருந்தான்.

மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள் தாமரைச்செல்வி. அவனுக்குப் பின்னால் ஒருவன் வந்து பிடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கயிறு இழுத்தே பழகிய கைகள். அவள் கைகளோ காலையிலிருந்தே ஓய்ந்தவை.

தோள் உள்ளே போயிற்று.

"அம்மா, இட்ஸ் கோல்ட்."

பொட்டு வைத்த சின்ன நெற்றி கண்ணாடியைத் தொட்டது.