குரல் கேட்கும் தூண்

பழனிச் சாலையில் நீர்த்தூண் தென்பட்டதும் பாதயாத்திரைக் குழுவில் எல்லாரும் வழக்கம்போல் வரிசையில் நின்றார்கள். நிலத்தடி நீர் நஞ்சாகி, கிணறுகளை மூடிவிட்ட காலம். பெயரையும் 'தாகம்' என்பதையும் வாயால் சொன்னால், தூண் குரலை அடையாளம் கண்டு 'உங்கள் உடலுக்கேற்ற நீர்' என்று குடுவையில் நிரப்பும். அதை அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம். கொடுத்தவரின் மணிக்கட்டு வளையம் சிவக்கும். பிறகு மலை சேரும்வரை எந்தத் தூணும் அவருக்குச் சுரக்காது.

உமையாள் பேசாமல் நின்றாள். மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கும் மகள் பிழைக்க, மலையடி சேரும்வரை வாய் திறப்பதில்லை என்று நேர்ந்திருந்தாள். போன வருஷம் முகம் காட்டினாலே போதுமாயிருந்தது. தூணுக்குக் குரல் வேண்டும் என்பது இந்த வருஷத்துப் புதுச் சட்டம், தெரியாமல் கிளம்பிவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் காலையிலேயே தீர்ந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுங்க ஆச்சி. முருகன் என்ன, காதைத் தீட்டிக்கிட்டா உக்காந்திருக்கான்?" என்றார் குழுத் தலைவர் வள்ளியப்பன். சொல்லிக்கொண்டே தன் குடுவை நீரைக் காவடிக்கு அபிஷேகம் செய்தார்.

தூணுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மண்ணில் கொட்டலாம், மனிதர் வாயில்தான் ஊற்றக் கூடாது. கூட்டம் அரோகரா போட்டது; உமையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாகம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் வந்த வேறு ஊர்க்காரர் சடையாண்டி தன் குடுவையை நீட்டினார். "குடி தாயி. என் ஒடம்புக்குன்னே செஞ்சதாம். ஒனக்கு மீசை மொளைச்சா என்னைத் திட்டாத."

குடித்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அவர் வளையம் சிவந்தது.

"செவப்பு வளையத்துக்குப் பக்கத்துல நிக்காதீங்க சாமி, தீட்டு!" என்று வள்ளியப்பன் கூட்டத்தை விலக்கினார்.

உச்சி வெயிலில் அடுத்த தூணருகே சடையாண்டி மயங்கிச் சரிந்தார். எல்லாரும் சுற்றி நடந்து போய்த் தங்கள் குடுவைகளை நிரப்பினார்கள். மலை கண்ணுக்குத் தெரியும் தூரம். உமையாள் அதை ஒருமுறை பார்த்தாள். மகள் முகம் வந்தது. தூணின் முன் போய் நின்றாள்.

"உமையாள். தாகம்."

குடுவை நிரம்பியது. சடையாண்டியின் தலையைத் தூக்கி, உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவளுடைய வளையமும் சிவந்தது. அவர் கண் திறந்தார்.

"விரதம் போச்சே ஆச்சி! பெத்த மகளை நெனைச்சுப் பாத்தீங்களா?" என்றார் வள்ளியப்பன்.

"நெனைச்சுத்தாண்ணே பேசினேன். ஒருத்தரைச் சாக விட்டுட்டு, அவ உசிரை எந்த மூஞ்சியோட போய்க் கேக்கிறது?"

வள்ளியப்பன் தன் குடுவையின் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கிக்கொண்டார்.